மக்டலீன் ரீச்சருக்கு எதிராக நான் எழுதிய கடிதம்

தலைமைப் பீடத்தை அணிசெய்து அமர்ந்திருக்கும் எங்கள் பங்குத்தந்தை, அருட்திரு அடைக்கலநாதன் அடிகளாரே! வெயிலையும் வீதிப் புழுதியையும் பொருட்படுத்தாமல் வட்டுக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்த இசையாசிரியப் பெருமக்களே! இன்றொரு நாள் கடலுக்கு விடுமுறை கொடுத்துவிட்டுக் கரையிலே கூடியிருக்கும் எங்கள் கடற்றொழிலாளப் பெரியோரே! ‘கூட்டம் முடியப் போய்க் கறி வைப்பம்’ என்று உலையை இறக்கிவைத்துவிட்டு வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் எங்கள் அன்புத் தாய்மாரே! சுன்னாகத்திலிருந்து வந்திருக்கும் எங்கள் சைவ நண்பர், சைக்கிள் கடை நடராசா அண்ணை அவர்களே! கைத்தொலைபேசித் திரையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடல் கடந்த உறவுகளே! பாடகர் குழாத்தின் பன்னிரண்டு குரல்களே! இத்தனை பேருக்கும் நடுவே, கழுத்து மாலையின் கனத்தைக் கைகளால் தாங்கியபடி, ‘சுருக்கமாய்க் கதைச்சு முடியும்’ என்று கண்ணாலேயே எனக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருக்கும் விழா நாயகியே! நாற்பது ஆண்டுகளாக எங்கள் ஆலயத்தின் ஓர்கன் இசைஞராய், பாடகர் குழாத்தின் இயக்குநராய் இருக்கும் எங்கள் மக்டலீன் ரீச்சரே! உங்கள் எல்லோர் முன்னும் கரங்குவித்து நிற்கிறேன்.

அவைக்குப் பாதி முதுகைக் காட்டி நிற்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். ரீச்சருக்கு இன்று இரண்டு காதும் கேளாது. அது ஊரறிந்த செய்தி. அவர் என் உதடுகளைப் பார்த்துத்தான் நான் சொல்வதைப் படிக்கிறார். இன்று நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் அவருக்குத் தப்பிப் போகக்கூடாது. ஆகவே அவர் முகம் பார்த்தே பேசுகிறேன்.

எனக்கு முன்னே பேசியவர்கள் புகழ்ந்தார்கள், போற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். நான் புகழ வரவில்லை, அன்பர்களே. நான் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னர், ரீச்சரை ஓர்கனிலிருந்து எழுப்பிவிட வேண்டும் என்று கேட்டுப் பங்குச் சபைக்கு ஒரு கடிதம் போனதே, நினைவிருக்கிறதா? பெயரில்லாக் கடிதம். ‘எந்தப் பாவி எழுதினவன்?’ என்று சந்தையிலும் சங்கக் கடையிலும் நீங்கள் கேட்டீர்களே! கனடாவிலிருந்து வந்தது என்று சிலர் சொன்னார்கள். பாரிசிலிருந்து வந்தது என்று சிலர் சத்தியம் பண்ணினார்கள்.

அந்தக் கடிதம் எங்கிருந்தும் வரவில்லை. ஆலயத்துக்குப் பின்வீதியிலிருந்து வந்தது. எழுதிய கை இது. பங்குச் சபைச் செயலாளர், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், கிறகோரி என்ற என்னுடைய கை.

பின்னுக்கு யாரோ ‘ஐயோ’ என்கிறீர்கள். பொறுங்கள். ரீச்சரும் தலையை ஆட்டுகிறார். ‘சொல்லாதையும்’ என்கிறார். சொல்லமாட்டேன் என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கை இன்று, இத்தனை கண்களுக்கு முன்னால், உடைக்கிறேன். உங்கள் மாலையில் மறைந்துகொண்டு நான் நல்லவனாய் நடமாட முடியாது, ரீச்சர். கேளுங்கள், அன்பர்களே, முழுவதையும் கேளுங்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. ஊர் முழுதாய் இருந்த காலம். ரீச்சருக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்தில் சங்கீதம் படித்து, பரீட்சை பாஸ் பண்ணி, எங்கள் ஆலயத்தின் ஓர்கனில் வந்து உட்கார்ந்தார். காலால் மிதித்துக் காற்றூட்டினால்தான் பாடும் பழைய ஓர்கன் அது. அப்போது பாடகர் குழாத்தில் யார் எங்கே நிற்பது என்பதைக் குரல் தீர்மானிக்கவில்லை, வீடு தீர்மானித்தது. வள்ளம் வைத்திருப்பவரின் பிள்ளை முன்னுக்கு. வள்ளத்தில் கூலிக்குப் போகிறவரின் பிள்ளை தூணுக்குப் பின்னுக்கு. வந்த மூன்றாம் கிழமை ரீச்சர் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரையும் கலைத்துவிட்டுக் குரல்வாரியாக நிறுத்தினார். ஊரிலேயே கூடுதல் வள்ளம் வைத்திருந்த பெரிய சம்மாட்டியாரின் மகள் பின்வரிசைக்குப் போனாள். சம்மாட்டியார் சும்மா இருப்பாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்து நின்றார்.

“ஆரைக் கேட்டு என்ரை பிள்ளையைப் பின்னுக்கு விட்டனீர்?” என்று கேட்டார். சாளரமெல்லாம் அதிர்ந்தது.

ரீச்சர் எழும்பவுமில்லை, நடுங்கவுமில்லை. “ஐயா, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன். எல்லாரையும் ஒவ்வொருத்தராய் ஒரு வரி பாடச் சொல்லுங்கோ. எந்தக் குரல் முன்னுக்கு நிக்க வேணும் எண்டு நான் சொல்லுறன். ஆரின்ரை பிள்ளை எண்டு எனக்குத் தெரியாது. பிறகு நீங்களே நீதி சொல்லுங்கோ” என்றார்.

பாடினார்கள். சுவரைப் பார்த்தபடியே ரீச்சர் ஏழு குரல்களைத் தெரிந்தெடுத்தார். ஏழும் முன்வரிசையில் அவர் ஏற்கெனவே நிறுத்தியிருந்த அதே ஏழு. சம்மாட்டியார் மகளைப் பார்த்து, “நில், நிண்ட இடத்திலை நில்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்ட காது அது, அன்பர்களே! வீட்டைக் கேளாத காது, வசதியைக் கேளாத காது, குரலை மட்டுமே கேட்ட காது!

அந்தக் காதுக்கு என்ன நேர்ந்தது?

தொண்ணூறில் யுத்தத்தால் ஊரைவிட்டு எழும்பினோம். கட்டிலை விட்டோம், கதவை விட்டோம், கடலை விட்டோம். ஓர்கனை மட்டும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். சுன்னாகத்துக்கு வெளியே, தோட்டக் காணி ஒன்றில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில் போட்டு அதைக் கோவிலாக்கினோம். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒரு பிற்பகல், பதினேழு பேரை வைத்துக்கொண்டு ரீச்சர் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். பாட்டுக்கு நடுவில் கையை உயர்த்தி நிறுத்தினார். எங்களில் ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. தூரத்தில், எறிகணை ஏவிய சத்தம்.

“படுங்கோ! எல்லாரும் நிலத்திலை படுங்கோ!”

படுத்தோம். ரீச்சர் நின்று தலைகளை எண்ணினார். பதினாறு. ஒன்று குறைகிறது. வாசலை நோக்கி ஓடிய ஒரு பிள்ளையைச் சட்டையில் பிடித்து இழுத்துக் கீழே அமுக்கினார். பதினேழு. அவர் முழங்காலை மடிக்க முன்னம் எறிகணை விழுந்தது. கொட்டிலின் இடப்பக்கம் இல்லாமல் போனது. புகை அடங்கியதும் எண்ணிப் பார்த்தோம், பதினேழு பேரும் உயிரோடு. ரீச்சரின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இறைவனுக்கு நன்றி சொன்னோம், கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். அவருடைய இடது காது அந்தப் பிற்பகலோடு கேளாமல் போனதை யாரறிந்தோம்? அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் வாசித்தார்.

இடம்பெயர்ந்திருந்த அந்தக் காலத்தில்தான் எங்கள் பாதுகாவலர் செபஸ்தியாருக்கு அவரே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டார். முதலில் ஓர்கனோடு சேர்ந்து பாட வேண்டும். நடுவில் இரண்டு சரணங்களை ஓர்கன் இல்லாமல், குரல்கள் தனியாகப் பாட வேண்டும். கடைசிச் சரணத்துக்கு ஓர்கன் மறுபடி வந்து சேரும். அது எவ்வளவு ஆபத்தான அமைப்பு என்று இசையாசிரியர்களுக்குத் தெரியும். துணையில்லாமல் பாடும்போது குரல்கள் தங்களை அறியாமலே சுருதி இறங்கிவிடும். பாடுகிறவர்களுக்கு அது தெரியாது. ஓர்கன் இறங்காது. மறுபடி சேரும்போது ஓர்கன் ஒரு சுருதியிலும் குரல்கள் இன்னொரு சுருதியிலும் இருந்தால், தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி இருக்கும். ரீச்சர், பாடகர்கள் எவ்வளவு இறங்கியிருக்கிறார்கள் என்று காதால் அளந்து, அதற்கேற்றபடி கைகளை நகர்த்தி வாசித்துவிடுவார். ஆண்டுதோறும் அதைச் செய்தார். நாங்கள் அறியாமலே செய்தார்.

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு ஊருக்குத் திரும்பினோம். பற்றைக் காட்டை வெட்டி ஆலயத்தைத் தேடி எடுத்தோம். பதினெட்டில் வலது காதும் மங்கத் தொடங்கியது. யாரிடம் சொன்னார்? எங்களிடமா? எங்களிடம் சொல்லவில்லை. சுன்னாகத்துக்குப் பஸ் ஏறிப் போய், ஓர்கனின் துருத்திக்கு அடிக்கடி தோல் ஒட்டிக் கொடுக்கும் நடராசா அண்ணையிடம் சொன்னார். “அண்ணை, எனக்குக் காது குறையுது. முதுகுக்குப் பின்னாலை நிண்டு பாடுற ஆக்களின்ரை வாயை எனக்குப் பார்க்க வேணும். என்ன செய்யலாம்?” என்றார். அண்ணை ஒரு மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து ஓர்கனின் மேல் பூட்டினார். ‘பீடத்தைப் பார்க்கக் கண்ணாடி’ என்று எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் நம்பினோம். உதடுகளைப் பார்த்து, ஓர்கனின் மரத்தில் முழங்காலை அழுத்தி அதன் அதிர்வை உணர்ந்து, மிச்சமிருந்த காதால் மிச்சத்தைப் பிடித்து, மூன்று வருடம் ஒரு பிழையில்லாமல் வாசித்தார்.

அதற்குப் பிறகு என்ன வந்தது? நோய் வந்தது. ஆலயங்கள் மூடப்பட்டன. இருபத்தோராம் ஆண்டு ஐப்பசியில் கதவைத் திறந்தபோது, எல்லோர் முகத்திலும் முகக்கவசம். பாடகர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு வாயும் துணியால் மூடியிருந்தன.

யோசித்துப் பாருங்கள்! கண்ணாடியில் உதடுகளைத் தேடுகிறார், துணி தெரிகிறது. மறு ஞாயிறு தேடுகிறார், துணிதான். யாரிடம் போய் ‘வாயைத் திறந்து காட்டுங்கோ’ என்று கேட்பார்? கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் இருக்கை போய்விடும்.

பிழைகள் வந்தன. முந்தி எடுத்தார், பிந்தி முடித்தார். ஒருமுறை குருவானவர் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாட்டைத் தொடங்கிவிட்டார். சனங்கள் பொறுத்தார்கள். நான் பொறுக்கவில்லை. விஞ்ஞான வாத்தியார் அல்லவா? கொப்பி ஒன்று வைத்தேன். திகதி, பாட்டு, எந்த வரி, என்ன பிழை. இருபத்துமூன்று பிழைகளை எழுதினேன். கடைசியில், ‘இவரை ஓய்வெடுக்கச் சொல்லிப் பதிவுசெய்த இசையைப் பயன்படுத்தலாம்’ என்று முடித்துப் பெயர் போடாமல் அனுப்பினேன். செயலாளரும் நானே. கடிதத்தைப் பிரித்து முகத்தில் ஆச்சரியத்தை வரவழைத்துக்கொண்டு வாசித்துக் காட்டியவனும் நானே!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இனிமேல் சொல்லப்போவதற்குச் சிரிக்கமாட்டீர்கள்.

கார்த்திகை கடைசி ஞாயிறு, காலைத் திருப்பலி முடிந்ததும் என்னையும் சேர்த்துச் சபை உறுப்பினர் ஏழுபேரும் பங்குத்தந்தை சுவாமியும் ஓர்கனுக்குப் பின்னால் வந்து நின்றோம். ரீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இருந்து பாட்டுக் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சுவாமி மெதுவாக, முகக்கவசத்துக்குள்ளிருந்து, “ரீச்சர், ஒரு விசயம் கதைக்க வேணும்” என்றார். அவர் திரும்பவில்லை. “ரீச்சர்” என்றார் மறுபடி. திரும்பவில்லை. சபையில் ஒருவர், “பாருங்கோவன், சுவாமி கூப்பிடுறார், உவ திரும்பியும் பார்க்கிறா இல்லை” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் சொல்வது எல்லோருக்கும் தெளிவாய்க் கேட்கட்டும் என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டேன். அவருடைய முதுகுக்கு இரண்டடி தூரத்தில் நின்று சொன்னேன். அன்று முதுகுக்குச் சொன்னதை இன்று முகத்துக்குச் சொல்கிறேன், ரீச்சர். ஊரும் கேட்கட்டும்.

“உவ பிள்ளை இல்லாத மனுசி. உந்தப் பெட்டியை விட்டா உவவுக்கு வேறை என்ன இருக்கு? தானாய் எழும்பமாட்டா. இழுத்துத்தான் இறக்க வேணும்.”

இதுதான் நான் சொன்னது.

 அன்று ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. ரீச்சரின் கைகள் கொப்பிகளை அடுக்கிக்கொண்டே இருந்தன. சுவாமி என்னை ஒருமுறை பார்த்தார், ரீச்சரின் முதுகை ஒருமுறை பார்த்தார். இப்படிப்பட்ட சொல்லுக்குத் திரும்பாத மனிதர் உண்டா? போய் அவர் தோளைத் தொட்டார். அப்போதுதான் ரீச்சர் திரும்பினார். சுவாமி தன் முகக்கவசத்தைக் கழற்றினார்.

“ரீச்சர், நாங்கள் கதைச்சது கேக்கேல்லையோ?”

“இல்லைச் சுவாமி.”

“எவ்வளவு காலமாய்?”

“இடது காது இருபத்தெட்டு வருசம். வலது காது மூண்டு வருசமாய்க் கொஞ்சம் கொஞ்சமாய்.”

“ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா இருக்க விடுவியளோ, சுவாமி?”

  ரீச்சர் ஓர்கனின் மூடியைப் பூட்டினார். திறப்பைக் கொப்பிகளுக்கு மேலே வைத்தார். எங்கள் எட்டுப் பேருக்கும் நடுவாக, நிமிர்ந்தபடி, நடந்து போனார்.

அன்று பகல் வீட்டில் இருந்து கணக்குப் போட்டேன். இருபத்தெட்டைப் பின்னோக்கி எண்ணினேன். தொண்ணூற்று மூன்றில் வந்து நின்றது. அந்தக் கொட்டிலில் நிலத்தில் படுத்த பதினேழு பேரில் நானும் ஒருவன், அன்பர்களே! பாடகர் குழாத்தில் அப்போது நான் இளைஞன். வாசலை நோக்கி ஓடிய பிள்ளை என் தங்கச்சி! இன்று அவள் பிள்ளைகளோடு இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். என் வீட்டுக்கு ஒரு உயிரை இழுத்துத் தந்த அதே கணத்தில் போன காது அது. அந்தக் காதின் பிழைகளைத்தான் நான் திகதி போட்டு எழுதியிருக்கிறேன்!

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில், பாடகர்களின் வெள்ளை அங்கிகளைத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “வாரும் கிறகோரி. அங்கியளைக் கேட்டுத்தானே வந்தனீர்? பின்னேரம் காய்ஞ்சிடும், ஒப்படைக்கிறன்” என்றார்.

நான் முகக்கவசத்தைக் கழற்றி, அவர் முன்னால் நின்று, “ரீச்சர், அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

“கடிதத்துக்கோ? அது உம்மடை எழுத்து எண்டு எனக்குத் தெரியும். சுவாமி எனக்குக் காட்டினவர். இவ்வளவு கவனமாய் ஊரிலை ஆர் எழுதுவினம்? அதிலை இருபத்துமூண்டு எழுதியிருக்கிறீர். இருபத்திரண்டு சரி. ஐப்பசி கடைசி ஞாயிறு நான் பிழை விடேல்லை. பாடினவை ஒரு அடி முந்தி எடுத்தவை. அதைத் திருத்திக்கொள்ளும்.”

 அவர் ஒரு அங்கியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“கடிதத்துக்கு மன்னிப்பு வேண்டாம், கிறகோரி. மற்றதுக்குக் கேளும்.”

“மற்றது எது, ரீச்சர்?”

“பிள்ளை இல்லாத மனுசி எண்டனீர். இழுத்து இறக்க வேணும் எண்டனீர்.”

 “கேட்டதோ, ரீச்சர்?”

“கேக்கேல்லை. கண்ணாடியிலை பார்த்தனான். எட்டுப் பேர் நிண்டியள். ஏழு பேர் வாயை மூடிக்கொண்டு நிண்டவை. நீர் ஒராள்தான் கவசத்தை இறக்கிப்போட்டுக் கதைச்சனீர். நாலு கிழமையாய் ஆரின்ரையாவது வாயைப் பார்க்க மாட்டனோ எண்டு தேடினனான். கடைசியிலை பார்க்கக் கிடைச்சது அதுதான்.”

ஐயோ, அன்பர்களே! அந்தச் சொற்களை அவர் என் வாயிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்திருக்கிறார். படித்துக்கொண்டே கொப்பி அடுக்கியிருக்கிறார். கை நடுங்காமல் அடுக்கியிருக்கிறார். எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீரைக்கூடக் காட்டாமல் நடந்து போயிருக்கிறார்!

“பிள்ளை இல்லை எண்டது உண்மைதான்” என்றார். “அந்த உண்மையை எடுத்து என்னைக் குத்தினீர். அது நொந்தது. நேற்று முழுக்க நொந்தது.”

நான் கிணற்றடி ஈரத்தில் முழங்காலில் இருந்துவிட்டேன். அழுதேன். அவர் என்னை அழவிட்டார். ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. அழுது முடிந்த பிறகு சொன்னார்:

“எழும்பும். நான் விட்ட பிழையைச் சபையிலை மற்ற ஆறு பேரிலை ஒருத்தரும் கவனிக்கேல்லை. நீர்தான் கவனிச்சனீர். அரைக்கட்டை சுருதி விலகினதைக்கூட எழுதியிருக்கிறீர். அந்தக் காது எனக்கு வேணும். வந்து ஓர்கனுக்குப் பக்கத்திலை நில்லும். நான் பார்க்கக்கூடிய இடத்திலை நிண்டு, கேட்கிறதை எனக்குக் கையாலை சொல்லும். ஏலுமோ?”

“ஓம் ரீச்சர்.”

“நாளைக்கு வெள்ளன வாறீரோ?”

“வாறன், ரீச்சர்.”

சபையைச் சம்மதிக்க வைப்பது இலேசாக இருக்கவில்லை. சுவாமி எங்கள் பக்கம் நின்றார். ஆயினும் இரண்டு பேர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தை மாதம் இருபதாம் திகதி, செபஸ்தியார் திருநாள். அன்று பிழையில்லாமல் நடந்தால் ரீச்சர் தொடரலாம். ஒரு பிழை வந்தால் ஓர்கன் பூட்டப்படும். ‘சரி’ என்றார் ரீச்சர்.

ஏழு கிழமை பயின்றோம். கையை விரித்துப் பிடித்தால் சுருதி சரி. ஒரு விரலைக் கீழே காட்டினால் குரல்கள் அரைக்கட்டை இறங்கிவிட்டன. இரண்டு விரல் என்றால் ஒரு கட்டை. நான் சங்கீதம் படித்தவன் அல்ல. ஆகவே பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டும் இசைக்கவை ஒன்றைத் தேடி எடுத்தேன். தட்டிக் காதோரம் வைத்தால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரும்புக் கவை அது. ஓர்கனின் ஒரு கட்டையோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டேன். குரல்கள் எவ்வளவு இறங்கினாலும் அது என் காதில் இறங்காது.

திருநாள் வந்தது. காலை ஆறரை மணி. ஆலயம் நிறைந்து வாசல் வழிந்தது. நகரத்திலிருந்து பத்துக் குருக்கள். கமராவுக்கு அந்தப் பக்கத்தில் கனடா, பிரான்ஸ், ஜேர்மனி. அந்த இரண்டு சபை உறுப்பினரும் ஓர்கனுக்கு நேர் எதிரே, முதல் வாங்கில். பன்னிரண்டு முகக்கவசங்கள் எங்களுக்குப் பின்னால். நான் ரீச்சரின் வலப்பக்கத்தில், இசைக்கவையை வியர்வைக் கைக்குள் பொத்திப் பிடித்தபடி.

தொடக்கப் பாட்டு போனது. இரக்கப் பாட்டு போனது. காணிக்கைப் பாட்டும் போனது. பிழையில்லை. நன்றிப் பாட்டாக ரீச்சரின் செபஸ்தியார் பாட்டு வந்தது. முதல் சரணம் ஓர்கனோடு முழங்கியது. ரீச்சர் கையை எடுத்தார். குரல்கள் தனித்தன.

முகக்கவசத்துக்குள்ளிருந்து பாடுகிறவர்களுக்கு மூச்சுப் போதாது. இரண்டாம் சரணத்தின் பாதியிலேயே சுருதி தொய்வது எனக்குக் கேட்டது. முழங்காலில் கவையைத் தட்டிக் காதோரம் வைத்தேன். விலகிவிட்டது! எவ்வளவு? அரைக்கட்டையா? அதற்குக் குறைவா? ஆலயம் முழுவதும் சனத்தின் மூச்சும் குழந்தைகளின் அழுகையும். மறுபடி தட்டினேன். மூன்றாம் சரணம் தொடங்கிவிட்டது. இன்னும் இறங்குகிறது. ரீச்சரின் கண்கள் என் கையில். நான் கையை விரிக்கவுமில்லை, விரலைக் காட்டவுமில்லை. எனக்குத் தெரியவில்லை, அன்பர்களே! ஒரு விரலா, இரண்டு விரலா? பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு இலேசாய் இருந்தது! சரியைச் சொல்ல வேண்டி வந்தபோது என் கை கல்லாகிவிட்டது. நான் பிழையாய்க் காட்டினால் அது யாருடைய பிழை? ஊர் யாரைச் சொல்லும்? ஓர்கனிலிருந்து யார் எழும்ப வேண்டும்?

மூன்று வரி மிச்சம். ரீச்சரின் புருவம் உயர்ந்தது. இரண்டு வரி. மூன்றாம் தடவை தட்டினேன். கண்ணை மூடினேன். கவையின் ஒலி ஒரு பக்கம், குரல்கள் ஒரு பக்கம். கேட்டேன். வாழ்நாளில் எதையும் அப்படிக் கேட்டதில்லை. கண்ணைத் திறந்து ஒரு விரலைக் காட்டினேன். ‘நிச்சயமோ?’ என்று கேட்டன அவர் கண்கள். தலையசைத்தேன். ஒரு வரி. ரீச்சர் பத்து விரல்களையும் தூக்கி, பழகிய இடத்தைவிட்டு, அரைக்கட்டை கீழே நகர்த்தி வைத்தார். நாற்பது வயதுக் கைகளா அவை? ஐம்பத்தொன்பது வயதுக் கைகள்! தாம் எழுதிய பாட்டை, எழுதிய சுருதியில் அல்லாமல், இன்னொரு சுருதியில், ஒலி கேளாமல் வாசிக்கப் போகின்றன அந்தக் கைகள். காலை மிதித்தார். அழுத்தினார்.

ஓர்கனும் குரல்களும் ஒன்றாயின. ஊசி நுழைய இடைவெளி இல்லை. சனங்களுக்கு எதுவும் தெரியவில்லை. தானாய் எழுந்து நின்று பாடினார்கள். முதல் வாங்கில் இருந்த அந்த இரண்டு பேரும் எழுந்து பாடினார்கள். ஆலயம் முழுக்கக் கேட்டது, அவர் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை. சரியா, பிழையா என்று அவருக்குத் தெரியாது. வாசித்தபடியே திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டு சிரித்தேன். அதைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். திரும்பிக்கொண்டு, கடைசி வரியை இன்னும் பலமாக மிதித்து வாசித்தார்.

அன்றிலிருந்து நாலாவது ஆண்டு இது. வலது காதில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. இன்று அவர் முழுக்க முழுக்க மௌனத்துக்குள் இருந்து எங்களுக்கு இசை தருகிறார். இதை ஓய்வு விழா என்று நினைத்து வந்தவர்கள் இருந்தால் ஏமாந்து போவீர்கள். வருகிற ஞாயிறும் ஓர்கனில் அவர்தான். அதற்கடுத்த ஞாயிறும் அவர்தான். இழுத்து இறக்க வேண்டும் என்று சொன்ன இதே வாயால் சொல்கிறேன்: அவர் தாமாய் எழும்பும் நாள்வரைக்கும் அந்த இருக்கையைத் தொட எந்தச் சபைக்கும் உரிமை இல்லை! எந்தச் செயலாளருக்கும் உரிமை இல்லை! ஊரே, ஒப்புக்கொள்கிறாயா? சத்தமாய்ச் சொல்! ‘ஓம்’ என்று சொல்! அங்கே, கடைசி வரிசையும் சொல்லட்டும்!

ரீச்சர், அந்த இரண்டு வசனங்களுக்காக, இந்த ஊர் சாட்சியாக, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கிணற்றடியில் கேட்டது எனக்காக. இன்று கேட்பது, அன்று வாயை மூடிக்கொண்டு நின்ற எல்லோருக்காகவும்.

பொறுங்கள், ரீச்சர் ஏதோ சொல்கிறார். ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள். கேட்டீர்களா? “மன்னிச்சுக் கனகாலம், கிறகோரி. நீர் நாளைக்குப் பயிற்சிக்குப் பிந்தாமல் வாரும்” என்கிறார். வாறன், ரீச்சர், வாறன்!

தாய்மாரே, பெரியோரே, கை தட்ட ஆயத்தமாகிறீர்கள். தட்டாதீர்கள். அந்த ஓசை போய்ச் சேர வேண்டியவரிடம் சேராது. எழுந்து நில்லுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள், விரல்களை விரித்து அசையுங்கள். பாரிசிலிருந்து பார்க்கிறவர்களும் உயர்த்துங்கள். நடராசா அண்ணை, நீங்களும். தலைமை தாங்கும் சுவாமி, நீங்களும். இன்னும் உயர! இன்னும் உயர!

ரீச்சர், நிமிர்ந்து பாருங்கள். உங்கள் ஊர் உங்களுக்குத் தட்டும் கை இது.

இவ்வளவு நேரம் என் குற்றத்தைப் பொறுமையோடு கேட்ட அவைக்கும், என்னைப் பேச விட்ட தலைமைக்கும், என்னை இன்னும் தன் பக்கத்தில் நிற்க விட்டிருக்கும் மக்டலீன் ரீச்சருக்கும் என் நெஞ்சின் நன்றி. உயர்த்திய கைகளை இறக்காமலே உங்கள் எல்லோரையும் வணங்கி அமர்கிறேன்.